மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த கம்ப்யூட்டர்

வராத ஒன்றுக்காக ஒரு கம்ப்யூட்டர் ஏன் காத்திருக்க வேண்டும்? ஸ்கேன் சென்டர் வாசலில் நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

சென்டரின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு என் அத்தையின் கணவர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எங்கள் வீட்டில் அவர் பெயர் மாப்பிள்ளைதான். அந்த மிடுக்கை ஆபீசுக்கும் எடுத்துவருவார். எது பழுதானாலும் ஒரே வைத்தியம், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. சரியானால் அவர் திறமை, ஆகாவிட்டால் அடுத்தவர் தப்பு.

அன்று ஸ்கேன் படங்களை வைத்திருக்கும் சர்வர் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும், ஓரிடத்தில் நின்று ஒன்றரை நிமிடம் யோசிக்கும், பிறகு 'எமர்ஜென்சி மோடு' என்று படுத்துவிடும். மாமா அணைத்துப் போட்டார். படுத்தது. மறுபடி போட்டார். வெளியே ரிப்போர்ட்டுக்கு வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"பெருக்குற அம்மா வயரை இழுத்துட்டாங்க மேடம்," என்றார் மாமா, சென்டரை நடத்தும் டாக்டரிடம்.

துடைப்பத்தோடு நின்ற அக்காவின் முகம் வெளிறியது. "நான் அந்த ரூமுக்குள்ளயே போகல மேடம்."

"நாளைலேருந்து இவங்க வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றார் மாமா, ஏதோ சம்பளம் இவர் கொடுப்பதுபோல.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். "ஏதோ டிஸ்க்குக்காகக் காத்திருக்கேன்னு சொல்லுதே. பேரு... மாப்பிள்ளை. யாருங்க அது?"

"எங்க மாமாதான் மேடம்," என்றேன். வாய் முந்திவிட்டது.

சர்வர் கண் விழிக்கும்போது எந்த டிஸ்க்குகளையெல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். மாமா, சினிமாக்களைச் சேர்த்துவைத்திருக்கும் தன் சொந்த டிஸ்க்குக்கு மாப்பிள்ளை என்று பெயர் சூட்டி, அதையும் அங்கே ஒரு வரியில் உட்காரவைத்துவிட்டு, முந்தைய நாள் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சர்வரோ, மாப்பிள்ளை வராமல் காரியம் தொடங்காது என்று அடம்பிடித்துவிட்டது.

"நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேர்த்தா போதும் மேடம்," என்று மாமா குழைந்தார். "மாப்பிள்ளை வந்தா சேர்த்துக்கும், வராட்டி அது பாட்டுக்கு வேலையப் பாக்கும்."

"மாப்பிள்ளையே வேண்டாம். வரிய அழிங்க."

வரி போனதும் சர்வர் சமர்த்தாக எழுந்தது.

"அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க," என்றார் டாக்டர்.

மாமா தொண்டையைச் செருமினார். அதற்குள் அக்கா, "அதெல்லாம் வேணாம் சார். காலத் தூக்குங்க, பெருக்கணும்," என்றார். மாமா தூக்கினார். இரண்டையும்.

துடைப்பம் பிடித்தவர்மேல் பழி போடும் ஆள் உங்களுக்கும் ஒருவர் இருப்பார். இதை அவருக்குச் சொல்லுங்கள். என் மாமாவுக்கும் சொல்லலாம். நான்தான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான்.