வேகமான கம்ப்யூட்டரை நான் எடுத்துக்கொண்டேன்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மேனேஜர். போன வருடம் ஆபீசுக்கு இரண்டு மினி கம்ப்யூட்டர்கள் வாங்கினேன். விலை கூடிய வேகமானது, பேட்டர்ன் வரையும் மேகலாவுக்கு. சாதாரணமானது, மெயில் மட்டும் அனுப்பும் எனக்கு. கடைக்காரர் அப்படித்தான் சொல்லியனுப்பினார். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் நான் மாற்றி வைத்துக்கொண்டேன். மேனேஜருக்கு மட்டமானதா என்ற வீம்பு.

மேகலா ஆறு வருடம் குழந்தையோடு வீட்டிலிருந்துவிட்டு, அப்போதுதான் மறுபடி வேலைக்கு வந்திருந்தார். வரையும்போதே அவருடைய திரை அடிக்கடி அப்படியே நின்றுவிடும். "டச் விட்டுப்போச்சுங்க சார், எனக்குத்தான் கை ஓடல" என்பார். கோளாறு அவர் கையில் இல்லை, கம்ப்யூட்டரில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒருநாள் சாம்பிள் தாமதமானது. மேகலாவை எதிரில் வைத்துக்கொண்டே முதலாளி என்னிடம், "ஏனுங்க, வேற ஆள் பாத்தரலாமுங்களா?" என்றார்.

மேகலா தலையைக் குனிந்துகொண்டு, "நானே வேலைய விட்டு நின்னுக்கறனுங்க" என்றார்.

"தப்பு அவங்க மேல இல்லீங்க" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

என் கம்ப்யூட்டரைக் கழற்றி மேகலாவின் மேஜையில் மாட்டினேன். திட்டட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் வரைந்து பார்த்தவர், கண் கலங்க நிமிர்ந்தார்.

"அப்ப எனக்கு வேலை மறக்கலீங்களா சார்?"

அன்று அவர் திட்டியிருந்தால், இந்நேரம் நான் அதை மறந்திருப்பேன்.