ஐயனுக்கு மாற்றிப் போட்ட இலை

எங்கள் ஐயன், என்னைப் பெற்ற அப்பா, நாமக்கல்லுக்குத் தெற்கே, கிணற்றை நம்பிப் பிழைக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பத்து வயது முதல் மாடு பூட்டி, கிணற்றுத் தண்ணீரைத் தோல் சாலில் மேலேற்றும் கவலை இறைத்தார். கிணறு வற்றிய வருடங்களிலும் பண்ணையத்தை விட்டுப் போகவில்லை. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் சோறு பரிமாறுவது ஐயன்தான். போதும் என்று இலையை மறைத்தாலும் விடமாட்டார்.

போன வருடத்துக்கு முந்தின தை மாதம், கவலை இறைக்கும்போதே சாய்ந்தார். வாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வைத்தியர் கொடுத்த எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து, ஆடியில் கோல் ஊன்றி நடந்தார். பேச்சும் வந்தது. கைதான் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் தப்பித்துக்கொண்டார் என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

அதற்குப் பிறகுதான் ஐயன் உண்மையில் படுத்தார். சுவரைப் பார்த்தபடியே கிடப்பார். மாடு கத்தினாலும் திரும்பமாட்டார். கண்ணீர் தானாக வழியும். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பார். நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், பிறகு வாயை மூடிக்கொள்வார். மந்திரித்தோம், கிடா நேர்ந்தோம். உடம்பு கரைந்துகொண்டே வந்தது. எனக்கும் அலுத்துப் போனது. ஒருநாள் சோற்றை வட்டிலிலேயே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

அம்மாவுடன் பிறந்த மாமா வந்து, அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், மகளை ஊட்டி உடச் சொல்லிப்போட்டு ராசாவாட்டம் படுத்துக்கிட்டீங்களா?"

பதிலுக்குப் பதில் பேசுகிற ஐயன் ஏங்கி ஏங்கி அழுதார். மாமா பதறிப்போய்த் தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். மாட்டுக் கொட்டகைக்குள் ஒளிந்து உட்கார்ந்து, ஐயன் இடது கையால் களி தின்றுகொண்டிருந்தார்.

"ஐயோ, பீச்சாங்கையிலயா திங்கறீங்க!" என்று கத்திவிட்டேன்.

கையிலிருந்த களி கீழே விழுந்தது. அதன்பின் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஊருக்கே சோறு போட்ட கையி, சாமி. இப்ப என் வாய்க்கே வரமாட்டீங்குது. நீ ஊட்டறப்ப வாய்க்கரிசி போடறாப்பல இருக்குது."

இடது கையாலேயே சாப்பிடட்டும் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்றார். விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, "நாலு பேரா வந்து ஊட்டுனாங்க?" என்று எழுந்தார். இடப்பக்கம் இருக்க வேண்டிய இலை நுனி வலப்பக்கம் வரும்படி மாற்றிப் போட்டு, இடது கைக்கு எட்டும்படி பரிமாறினார்.

"சாப்புடுங்க. நாங்க பாக்கலீங்க."

நாங்கள் இருவரும் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். பிறகு, "உப்புப் பத்தலை" என்று குரல் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்த நாட்கள் பிறகும் இருந்தன. ஆனால் கடைசி வரை ஐயன் தன் கையாலேயே சாப்பிட்டார். இரண்டாம் முறை வாதம் வந்தபோது ஒரே நாளில் போய்விட்டார்.

எண்ணெய் காய்ச்சிக் கொடுத்த வைத்தியருக்கும், எங்கள் வயலுக்குத் தண்ணீர் இறைத்த பக்கத்துத் தோட்டத்தாருக்கும், பாடை தூக்கிய மாமாவுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். இன்று வருடத் திதிக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐயனுக்குப் படைத்த இலை மாறிக் கிடக்கிறதென்று யாரும் திருப்பி வைக்க வேண்டாம். தெரிந்துதான் போட்டிருக்கிறோம்.