ஒரு சைஸ் பெரிசு

நல்லதம்பியிடம் எனக்கு ஒரே குறைதான். திட்ட வேண்டிய இடத்தில் திட்ட மாட்டார். அன்றைக்கே நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு இத்தனை நாள் இந்த எரிச்சல் இருந்திருக்காது.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் வந்து அணைந்ததும் கயிற்றை வாங்கிக் கட்டுகிற வேலை அவருக்கு. நான் அங்கேயே டிக்கெட் கவுன்டரில் இருக்கிறேன். அவருடைய பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் தீவிலேயே என்பதால், நல்லதம்பி ரயிலைக் கண்ணால் பார்த்ததே முப்பத்திரண்டு வயதில்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயில். ஒரு வளைவில் திரும்பும்போது தான் வந்துகொண்டிருந்த ரயிலின் எஞ்சினே ஜன்னல் வழியாகத் தெரிந்ததாம்.

"நான் உக்காந்திருக்கிற ரயிலை நானே பார்த்தேண்ணே" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

அந்த வளைவு அவரை விடவில்லை. வீட்டில் ஒரு பொம்மை ரயில் சுற்றி வர வேண்டும், அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இருந்தது ஒரு வருட போனஸ் பணம். குவார்ட்டர்ஸோ ஒரே அறை. மனைவி விசாலாட்சி கறாராகச் சொல்லிவிட்டார்: "கட்டிலுக்கு அடியில என்ன வேணா வச்சுக்க. தரையில ஒண்ணும் கெடக்கக் கூடாது." கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகள் போக மிஞ்சிய இடம் மூன்றடிக்கு இரண்டடி. அந்த அளவில் ஒரு பலகையை அறுத்து வைத்தார்.

பிறகு ஆரம்பித்தது ஆராய்ச்சி. பொம்மை ரயிலில் பல அளவு உண்டு என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். ஹெச்.ஓ. என்று ஒன்று, தண்டவாள அகலம் பதினாறரை மில்லி. விலை கட்டுப்படியாகும், ஆனால் ஒரு சுற்றுச் சுற்ற மூன்றடிக்கு மேல் அகலம் கேட்கும். இங்கிலீஷ் எழுத்து 'என்' என்று ஒன்று, ஒன்பது மில்லி. இரண்டடிக்குள் சுற்றும், விலைதான் கடிக்கும். அதற்கும் சின்னது இருக்கிறது, அது யானை விலை குதிரை விலை. நாலு மாதம் ஜெட்டித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, சோப்பு அட்டையைப் பெட்டியாக வெட்டி நகர்த்திப் பார்த்தார். "க்யா பாய், ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிட்டியா?" என்று கூட வேலை பார்க்கிற லஸ்கர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். கடைசியில் 'என்' அளவு என்று முடிவானது. பழையதானாலும் பரவாயில்லை, எஞ்சின் ஒன்று, பெட்டி இரண்டு, ஒரு வட்டம் தண்டவாளம். ஆன்லைனில் போட்டால் நம் பின்கோடைப் பார்த்ததுமே 'டெலிவரி இல்லை' என்கிறான்.

அந்த ஏப்ரலில் நான் எல்.டி.சி. பயணச் சலுகையில் குடும்பத்தோடு சென்னை போனேன். மெயின்லேண்ட் போகிறவன் கையில் பத்து வீட்டுச் சாமான் சீட்டு இருக்கும். அதில் நல்லதம்பியின் சீட்டும் ஒன்று. 'என். 9 மில்லி. பெரிசு வேண்டாம்.' கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

பொம்மைக் கடைக்காரர் இரண்டு அளவையும் எடுத்து வைத்தார். 'என்' அளவு எஞ்சின் என் சுண்டுவிரல் நீளம்கூட வரவில்லை, கூடவே இரண்டு பெட்டி. அதே விலைக்கு ஹெச்.ஓ.வில் கம்பீரமாக ஒரு எஞ்சின், நாலு பெட்டி, ஒரு குட்டி ஸ்டேஷன் வேறு. நல்லதம்பிக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. அன்று காலைதான் என் பையனுக்கு ஷூ வாங்கியிருந்தேன், ஒரு சைஸ் பெரிசாக. தீவில் எல்லோரும் அப்படித்தான். மறுபடி மெயின்லேண்ட் வர இரண்டு வருடமாகும், அதுவரை தாங்க வேண்டாமா? யூனிஃபார்ம், செருப்பு, குக்கர் எல்லாமே ஒரு சைஸ் பெரிசு. அந்தப் புத்திதான் எனக்கும். சீட்டைப் படித்துவிட்டேதான் பெரிசை வாங்கினேன்.

கப்பலில் மூன்று நாள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பெருமையாக.

நல்லதம்பி பெட்டியைத் திறந்தார். வளைந்த தண்டவாளங்களைப் பலகையில் ஒவ்வொன்றாக மாட்டினார். அரை வட்டம் முடிவதற்குள் பலகை தீர்ந்துவிட்டது. தரையில் போட்டுப் பார்த்தோம், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இடம் போதவில்லை. கரண்ட் கொடுத்ததும் எஞ்சின் ஜோராகக் கிளம்பி, வளைய ஆரம்பிக்கும்போதே பீரோவில் முட்டி நின்றது. அவர் கையால் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். மறுபடி முட்டியது.

"எங்க வீட்டு ஹால்ல போட்டுக்க" என்றேன்.

"உங்க வீட்டுல ஓடினா அது உங்க ரயிலுண்ணே."

"சரி, அடுத்த தடவை போறப்ப மாத்தித் தரேன்."

"டீக் ஹை" என்றார். இரண்டு வருடமாகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குற்றம் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும். "நீ மட்டும் என்னவாம்? உன் பொண்ணுக்கு ஷூ எப்படி வாங்குற? ஒரு சைஸ் பெரிசாத்தானே?" என்று கத்திவிட்டேன்.

நல்லதம்பி தண்டவாளங்களைக் கழற்றி, அதனதன் பள்ளத்தில் வைத்துப் பெட்டியை மூடினார். அது கட்டிலுக்கு அடியிலும் நுழையவில்லை.

"கால் வளரும்ணே" என்றார். "குவார்ட்டர்ஸ் வளருமா?"