ஆறிப்போன விரிசலில் போட்ட போர்

எண்பதுகளில் ஒரு வறட்சி ஆண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் காட்டிய இடத்தில் குடிநீருக்காக இருநூறு அடி ஆழ்துளை போர் போட்டார்கள். கல் தூள்தான் பறந்தது. அப்போது நான் குடிநீர்ப் பிரிவில் ஜியாலஜிஸ்ட். பாறையில் வெள்ளைக் கோடாக ஓடிய குவார்ட்ஸ் படிகத்தைப் பார்த்து, விரிசல் இருக்கிறது, தண்ணீரும் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

குடத்தோடு நின்ற முனியம்மாள் கேட்டார்: "ஏன் சார், இன்னும் ரெண்டு மைல் நடந்துதான் ஆவணுமா நாங்க?"



திருவண்ணாமலை அலுவலகத்தில் இன்ஜினியர், "அந்த ஊர்ல தண்ணி இல்லனு எழுதிக் குடுத்துடுங்க. போர் போடுற ரிக்கை வேற ஊருக்கு அனுப்பணும்" என்றார். அப்படி எழுதினால் அந்த ஊருக்கு மறுபடி ரிக் போகாது. இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

அதே பாறையில் வடக்குத் திசையை அம்புக்குறியால் குறித்துக்கொண்டு ஒரு துண்டு உடைத்து வந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தனலட்சுமி அதை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து ஸ்லைடு ஆக்கினார். மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்த்ததும் அவர்தான்.

"சார், வரிசை வரிசையா குமிழி இருக்குது, பாருங்க."

எப்போதோ விரிசல் விட்ட படிகம் அது. உள்ளே புகுந்த சுடுநீரிலிருந்து சிலிக்கா படிந்து, காயம் ஆறுவதுபோல விரிசல் மூடிவிட்டது. அப்போது சிக்கிய நீர்தான் குமிழிகளாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே நின்றது. நான் போர் போட்டது ஆறிப்போன விரிசலில்.

"இத பாத்தீங்களா?" என்று தனலட்சுமி ஸ்லைடை நகர்த்தினார். குமிழி வரிசைகளை வெட்டிக்கொண்டு கிழக்கு மேற்காக, பழுப்புக் கறையோடு ஒரு விரிசல். பழையதை வெட்டிப் போவது பிந்தியது. இது இன்னும் மூடவில்லை. கறை, தண்ணீர் போய்வந்த தடம்.

மறுநாள் ஊர் ஓடையில் தேடினேன். அதே திசையில், அதே கறையோடு பாறை பிளந்திருந்தது. 'முதல் இடத்தேர்வு என் தவறு' என்று எழுதிப் புது இடத்தைக் குறித்தேன். இன்ஜினியர் இரண்டு முறை படித்தார்.

"ப்ரமோஷன் வர்ற நேரத்துல இப்படி எழுதுறீங்களே! சரி, ஒரு நாள் ரிக் தரேன்."

நூற்றுப்பத்து அடியில் தூள் ஈரமானது. அடுத்துத் தண்ணீர் பீறிட்டது. முனியம்மாள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "திரும்பி வந்தீங்களே சார், அது போதும்" என்றார்.

அந்த மூவருக்கும் நான் கடன்பட்டவன். அதற்குப் பிறகு எந்த ரிப்போர்ட்டிலும் 'இந்த ஊரில் தண்ணீர் இல்லை' என்று எழுதியதில்லை. 'நான் பார்த்த இடத்தில் கிடைக்கவில்லை' என்றே எழுதினேன்.