கங்காணிக்குப் பேர் வைத்தவன்

பண்டாரவளையில் என் பள்ளித் தோழன் ரவி சேர்த்துவைத்திருக்கும் பழைய கேம் மெசின்களில் ஒன்று சூடேறித் தூசி மணத்ததும், பதுளையில் இதே மெசினை வைத்திருந்த, இப்போது இல்லாத நானா கடை நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் அங்கே மெசினின் பிசுபிசுத்த பிடியை மாறிமாறி ஆட்டுவோம். திரையின் உச்சியில் நின்றுகொண்டு ஏணியேறுபவன் மேல் பீப்பாய் உருட்டிவிடும் அந்தக் கொரில்லா, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாவை மேலே நின்று விரட்டி வேலை வாங்கும் கங்காணியைப் போலவே இருந்ததால், நான்தான் அதற்கு அந்தப் பேரையே வைத்தேன். டவுன் பையனான ரவி கங்காணியைக் கண்டதேயில்லை.

மெசின் அவனிடம் இருப்பதே எனக்கு வயிற்றெரிச்சல். அவனோ திரையிலிருந்த கொரில்லாவைத் தன் மகளிடம் காட்டி, "இவருதான் கங்காணி. அப்பா சின்ன வயசுல வச்ச பேரு" என்றான்.

அவள் என்னிடம் திரும்பினாள். "கங்காணின்னா என்னா மாமா?"

"பேரு வச்சவருகிட்டயே கேளும்மா" என்றேன்.