போதகர் கையில் மேளம்

இன்று மொனராகலை வரை மேடையேறிப் பிரசங்கிக்கும் தேவசகாயம், முதலில் இலங்கை மலையகத்தின் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துச் சின்னச் சபைக்குத்தான் போதகராக வந்தார். வந்த மாதமே சபையைச் சேர்ந்த எஸ்தரம்மா இறந்துபோனார். வழக்கம்போல் தப்பு மேளத்தோடு வந்த, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் ஆட்களை தேவசகாயம் சாவு வீட்டு வாசலிலேயே மறித்தார்.

"இது கர்த்தருடைய பிள்ளையோட சாவு. இந்தப் பேய்க்கொட்டெல்லாம் இங்க கூடாது."

அவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும்போதுதான் தேவசகாயம் சுற்றிப் பார்த்தார். சபையார் எல்லாருமே வயதான பெண்கள். மயானமோ செங்குத்தான சரிவில் இருந்தது.

மேளக்காரர் மாரிசாமி முன்னால் வந்தார். "நாங்க தூக்குறோங்க பாஸ்டர். எங்க லயத்து அக்கா தானே. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, அந்த மேளத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி, தேவசகாயம் குழிவரை தலை நிமிராமல் நடந்தார்.