‘பைய’ பிள்ளையின் வண்டி

என் மனைவி ரூத் இறந்த பிறகு, அவளுடைய மின்சார ஸ்கூட்டரை இன்று காலைதான் வெளியே எடுத்தேன். ஐந்து மாதம் சும்மா நின்றால் பேட்டரி கெட்டுவிடும். மின்னியல் படித்தவனுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஆற்றோரப் பாதை. நடப்பவர்களும் சைக்கிள்களும் இந்த வண்டிகளும் சேர்ந்து போகிற இடம்.

முன்னால் நடந்த பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டச் சட்டென்று என் பக்கமாக ஒதுங்கினார். பிரேக் பிடித்தேன். சக்கரம் அவர் செருப்பைத் தொட்டு நின்றது.

“ஏலே, பூனை கணக்கா வாரியே! ஒரு சத்தம் கொடுக்க மாட்டியா?”

“ஹாரன் அடிச்சா பயந்துருவீங்கன்னு நெனச்சேன், அண்ணாச்சி.”

“இப்ப மட்டும் பயப்படலையாக்கும்!”

வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இது ‘பைய’ பிள்ள வண்டில்லா? பின்னாடி வரும்போதே ‘பைய, பைய’ன்னு சொல்லிக்கிட்டே வருவா. ஏட்டி, நடக்குத எங்களயா மெதுவா போகச் சொல்லுதன்னு கேட்டா, ‘உங்களுக்கில்ல, எனக்குச் சொல்லுதேன்’ம்பா. ஆளையே காணோம், ஊருக்குப் போயிருக்காளா?”

“ஆமா, அண்ணாச்சி” என்றேன்.

“வரட்டும். மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கலையான்னு கேக்கேன்.”

மிச்சப் பாதை முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த ஐந்து மாதத்தில் அவள் சாகாமல், வெறுமனே ஊருக்குப் போயிருக்கிற ஒரே இடம் அந்தப் பாதைதான்.

நாளையும் அவர் நடக்க வருவார். சொல்லத்தான் வேண்டும்.

சத்தமில்லாத வண்டிக்குச் சத்தம் வைக்க எனக்கு அரை மணி நேரம் போதும். அவரைத் திடுக்கிட வைக்காமல் இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.